எண் மட்டும் போதுமா?



பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே எங்கள் ஊர். அப்பா சிமெண்ட் மூட்டை ஏற்றுகிறார். அம்மா சின்ன வெங்காயக் காட்டு வேலைக்குப் போகிறார். வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான்.

சென்ற ஆண்டு அம்மாவோடு ஓர் அலுவலகம் போனேன். அம்மா விரல் வைத்ததும் மெஷின் ஏதோ ஓர் எண்ணைக் காட்டியது. "எர்ரர் வருதும்மா, நாளைக்கு வாங்க" என்றார்கள். மறுநாளும் அதே எண், அதே பதில். இரண்டு நாள் கூலி போச்சு. மூன்றாம் நாள் வேறொருவர் எண்ணைப் பார்த்துவிட்டு, "ரேகை தேஞ்சிருக்கு, வேற விரலை வைங்கம்மா" என்றார். இரண்டே நிமிடம், வேலை முடிந்தது. மெஷின் முதல் நாளே சரியாகச் சொல்லியிருக்கிறது; அதை அம்மாவுக்கு எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

லேபில் நாமும் இதைத்தானே செய்கிறோம்? கோப்பு திறக்கவில்லை என்றால் 'எர்ரர்' என்று அச்சடித்துவிட்டு எழுந்து விடுகிறோம். லினக்ஸில் 2 என்றால் கோப்பு இல்லை, 13 என்றால் அனுமதி இல்லை, 28 என்றால் வட்டில் இடமில்லை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. 5 என்பது விண்டோஸில் அனுமதி மறுப்பு. லினக்ஸிலோ உள்ளீட்டு வெளியீட்டுக் கோளாறு. வெறும் எண்ணை வைத்து என்ன புரியும்?

2012-இல் வந்த பைத்தான் 3.3 இதைச் சரிசெய்தது. கோப்பு இல்லாததற்கு ஒரு எக்ஸப்ஷன், அனுமதி இல்லாததற்கு வேறொன்று. எண்ணும் உள்ளே பத்திரமாக இருக்கும்.

ஆனால் தப்பாகப் பெயர் வைப்பது இன்னும் மோசம். ஜாவாவில் கோப்பு இருந்தும் படிக்க அனுமதி இல்லையென்றால், 'பைல் நாட் ஃபவுண்ட்' எக்ஸப்ஷன் வரும். உண்மைக் காரணம் கூட வரும் செய்தியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் படிக்காதவன் இருக்கிற கோப்பையே தேடி அலைவான்.

அபூர்வமான எண்களுக்கு? லினக்ஸின் 25-க்குப் பழைய யூனிக்ஸ் சொன்ன செய்தி, 'இது தட்டச்சுப் பொறி அல்ல'! பைத்தான் அதற்குத் தனிப்பெயர் வைக்காமல், பொதுவான ஓஎஸ் எர்ரராக எண்ணோடு அப்படியே தருகிறது. அதுதான் நேர்மை. தெரிந்ததைப் பெயர் சொல்லிச் சொல், தெரியாததை ஊகிக்காதே, எண்ணை மறைக்காதே.

"மேனுவல்ல பார்த்துக்கலாம்டா" என்பான் நண்பன். நாளை நம் புரோகிராமுக்கு முன்னால் நிற்கப்போவது மேனுவல் படித்தவர் அல்ல, தோழா. என் அம்மாவைப் போன்றவர்கள். அவர்களுடைய ஒரு நாள் கூலி நம் ஒரு வரியில் இருக்கிறது.

— இரண்டாமாண்டு மாணவன், கணினித் துறை