பச்சிளம் குழந்தை ஐசியூ: அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் எவ்வளவு சத்தம்?

ஒவ்வொரு வருஷமும் விநாயகர் ஊர்வலம் முடிந்ததும் புனேயில் ஒரு எண் செய்தியாகும். சி.ஓ.இ.பி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் லக்ஷ்மி ரோட்டுச் சந்திப்புகளில் மீட்டரோடு நின்று எடுக்கும் சத்த அளவு அது. சில வருடங்களில் சராசரியே 100 டெசிபலைத் தாண்டியிருக்கிறது. நீங்கள் ஹிஞ்சவடியிலோ கராடியிலோ வேலை பார்ப்பவர் என்றால், அந்த டோல்-தாஷா அதிர்வு உங்களுக்குப் பழக்கமாகியிருக்கும்.

தெருச் சத்தத்தை அளக்க ஆள் இருக்கிறார்கள், கோர்ட்டுக்குப் போகவும் ஆள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு உள்ளே, ஒரு கிலோ எடையோடு இன்குபேட்டரில் படுத்திருக்கும் குழந்தையின் காதில் எவ்வளவு சத்தம் விழுகிறது என்று கேட்பவர்கள் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி 2020-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. உங்கள் ஆபீஸிலேயே இந்த வார்டுக்கு வெளியே காத்திருந்த ஒருவர் இருக்கலாம்.

எவ்வளவு சத்தம் இருக்கலாம்?

பச்சிளம் குழந்தை ஐசியூவில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 1997-லேயே சொல்லிவிட்டது. கிட்டத்தட்ட ஒரு நூலகத்தின் அமைதி அது. ஆனால் இன்குபேட்டர்களுக்கான சர்வதேசத் தர விதி, பெட்டிக்குள் 60 டெசிபல் வரை அனுமதிக்கிறது. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் அளவு.

15 டெசிபல்தானே, பெரிய வித்தியாசமா? ஆமாம். டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகும். 15 கூடினால் 30 மடங்குக்கும் மேல். அதாவது, விதிப்படி செய்த மிஷினே பரிந்துரையை மீறலாம்.

இவ்வளவு சத்தம் எங்கிருந்து வருகிறது?

வென்டிலேட்டர், சக்‌ஷன், மானிட்டர் அலாரம், ஏசி எல்லாம் சேர்ந்து ஓடும் இடம் அது. அதற்கு மேல் மனிதர்கள் போடும் சத்தம்: ஷிஃப்ட் மாறும்போது பேச்சு, ரவுண்ட்ஸ், செல்போன், இழுபடும் ஸ்டூல். இன்குபேட்டரின் சின்னக் கதவை வேகமாகச் சாத்தினால், மேலே பாட்டிலை டக்கென்று வைத்தால், உள்ளே அந்த நொடியில் 100 டெசிபல் வரை போவதாக அளந்திருக்கிறார்கள். லக்ஷ்மி ரோட்டு எண்ணேதான்.

குழந்தைக்கு என்ன ஆகும்?

கர்ப்பத்தில் சுமார் 25 வாரத்திலிருந்து காது கேட்கத் தொடங்குகிறது. வயிற்றுக்குள் இருக்கும்வரை தாயின் உடலே ஃபில்டர். கீச்சென்ற ஒலிகள் மழுங்கித்தான் உள்ளே போகும். குறைமாதத்தில் வெளியே வந்த குழந்தைக்கு அந்தத் திரை கிடையாது. திடீர்ச் சத்தத்தில் திடுக்கிடும், இதயத் துடிப்பு மாறும், ஆக்ஸிஜன் அளவு இறங்கும், தூக்கம் கலையும். மூளை வளர்வதற்கு அந்தத் தூக்கம் முக்கியம்.

ஐசியூவில் இருந்த குழந்தைகளுக்குக் காது கேளாமை வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். ஜென்டாமைசின் மாதிரியான ஆன்டிபயாடிக்குகள் காதைப் பாதிக்கலாம்; சத்தமும் சேரும்போது ஆபத்து கூடுமோ என்பது டாக்டர்களின் கவலை.

வீட்டுக்கு வந்துவிட்டால் கதை முடிந்துவிடாது என்பதைக் காட்டியது புனேதான். கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் சுதா சௌத்ரி குழுவினர், 1987 முதல் 1989 வரை குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளை 18 வயது வரை பின்தொடர்ந்தார்கள். அது சத்தம் பற்றிய ஆய்வு இல்லை. ஆனால் முதல் சில வாரங்களின் நிழல் எவ்வளவு தூரம் நீளலாம் என்பதற்கு அது சாட்சி.

சட்டம் என்ன சொல்கிறது?

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி, மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். பகலில் 50, இரவில் 40 டெசிபல்தான் வரம்பு. 2017 ஆகஸ்டில் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, மாநில அரசு அறிவித்தால்தான் ஓர் இடம் அமைதி மண்டலம். எப்படியானாலும் இந்த மண்டலம் வெளிச்சத்தத்துக்கானது. வார்டுக்குள் அடிக்கும் அலாரத்துக்கு இதில் பதில் இல்லை.

குறைக்க நிறையச் செலவாகுமா?

இல்லை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் குறைந்த செலவிலான ஒரு நடைமுறையைச் சோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். வென்டிலேட்டர் அறையில் மட்டும் 9 டெசிபலுக்கு மேல் குறைந்தது. ஸ்டூல் காலுக்கு ரப்பர், அலாரத்தை உடனே கவனிப்பது, மெதுவாகப் பேசுவது எல்லாம் எந்த ஊரிலும் முடியும். ஆனால் ஒரு நர்ஸ் கையில் ஏழெட்டுக் குழந்தைகள் இருந்தால் அலாரம் அடித்துக்கொண்டேதான் இருக்கும். அங்கே சத்தம் ஆள் பற்றாக்குறையின் அறிகுறி; நர்ஸைத் திட்டிப் பயனில்லை.

அப்போ முழு நிசப்தம் நல்லதா?

அதுவும் இல்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 2014-ல் வெளியான ஆய்வில், தனி அறையில் வளர்ந்த குறைமாதக் குழந்தைகள் இரண்டு வயதில் மொழியில் பின்தங்கியிருந்தார்கள். குறைய வேண்டியது இரைச்சல், கூட வேண்டியது பேச்சு. தாயின் நெஞ்சோடு சேர்த்து வைக்கும் கங்காரு பராமரிப்பில் அந்தக் குரல் பக்கத்திலேயே கிடைக்கிறது. பிறந்தவுடனே அதைத் தொடங்கினால் எடை குறைந்த குழந்தைகளின் மரணம் 25% குறைகிறது என்று இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வு காட்டியது.

நீங்கள் என்ன செய்யலாம்?

உள்ளே போகும்போது போனை சைலன்ட்டில் போடுங்கள். கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடாதீங்க, பெட்டி மேல் எதையும் வைக்காதீங்க. "கங்காரு பராமரிப்பு எப்போ ஆரம்பிக்கலாம்?" என்று கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் தமிழிலேயே பேசுங்கள்.

டிஸ்சார்ஜுக்கு முன்னால் காது பரிசோதனை ஆச்சா என்று கேட்க மறக்காதீர்கள். ஐந்து நாளுக்கு மேல் ஐசியூவில் இருந்த குழந்தைக்கு, நரம்பின் பதிலை அளக்கும் ஏ.பி.ஆர். வகைப் பரிசோதனை தேவை. 'பெரா' என்றால் எல்லா இடத்திலும் புரியும். ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, குறை தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதே கணக்கு. டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த ஒரு வரி இல்லையென்றால், கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள்.