மஞ்சள் விற்பனையும் சமூக வலைத்தளங்களும்

பண்டத்தை விளைவிப்பதில் நம் குடியானவர்கள் காட்டும் சிரத்தையில் பாதியையேனும் அதனை விற்பதில் காட்டுவதில்லை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பெயரால் உண்டாகும் லாபம் விளைவித்தவனைச் சேரவேண்டுமாயின், மொத்தமாக வாங்கும் மசாலா ஆலையார், ஏற்றுமதியாளர் முதலியோருடன் அவனுக்கு நேர்த்தொடர்பு இருத்தல் அவசியம்.

இதற்கு வாட்ஸ்அப், பேஸ்புக் போன்ற சமூக வலைத்தளங்கள் ஏற்ற சாதனங்களாம். 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் என்னும் செயலியில் சரக்கின் படத்தையும் விவரத்தையும் செலவின்றிப் பதியலாம். ஆயின், பசுமையான வயலின் படத்தை வெளியிட்டு, ஆயிரம் பேர் விருப்பம் தெரிவித்ததும் சரக்கு விலையாகிவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். இது தவறு. ஆயிரம் பேர் கண்டு மகிழ்வதினும், நாணயமான பத்து வியாபாரிகள் விவரம் கேட்பதே மேல்.

அவர்கள் அறிய விரும்புவன சிலவே. விரலியா, கிழங்கா, எத்தனை குவிண்டால், எம்மாதத்தில் வேகவைத்து உலர்த்தியது, ஈரம் நூற்றுக்கு 10 பங்குக்கு உட்பட்டதா, மெருகிட்டதா, சரக்கு எவ்வூரில் உள்ளது, விலை என்ன. இவற்றை ஒரே செய்தியில் எழுதி, முறித்த விரலியின் உள்நிறம் தெரியுமாறு பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தை இணைத்தல் வேண்டும். சென்ற ஆண்டின் படத்தையோ பிறர் சரக்கின் படத்தையோ அனுப்புதல் கூடாது. மாதிரி ஒன்றும் மூட்டை வேறொன்றுமாயின், அச்செய்தி வியாபாரிகளின் குழுக்களில் ஒரே நாளில் பரவி, அவ்வூர்ச் சரக்கு முழுவதற்குமே இழுக்காகும்.

கேட்காதவர்க்கெல்லாம் தினந்தோறும் செய்தி அனுப்புவதாலும் பயனில்லை. வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பட்டியல் வசதியில், அனுப்புவோரின் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்துகொண்டவர்க்கே அது சேரும். ஆதலால் முதலில் வியாபாரியின் சம்மதம் பெறுதலே முறை. அவர் வினவினால் அன்றைக்கே விடை தருதல் வேண்டும்.

இவ்வழி வந்தபின் ஏலம் எதற்கு என்போரும் உளர். அக்கூற்றுப் பொருந்தாது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் ஏல விலையே பேரத்துக்கு அளவுகோல். அதனை அறியாது பேசுபவன், தரகனிடம் இழந்ததைக் கைபேசியில் இழப்பான். மேலும், முன்பின் அறியாதவர்க்குக் கடனில் சரக்கு ஏற்றலாகாது. ஏமாந்தால் போவது ஓராண்டு உழைப்பாகும். வாங்குவோரின் ஜி.எஸ்.டி. எண்ணைச் சர்க்கார் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் தேவையே இல்லை. அதைப் பதியச் சொல்பவர் மோசக்காரர் என அறிக.

லாரிச் சுமை தேடும் ஆலையார் சில மூட்டைகளுக்காகக் குடியானவர் ஒவ்வொருவரிடமும் பேசார். ஆகவே உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அங்கத்தினரின் சரக்கைத் தரம் பிரித்து, ஒரே எண்ணில், பொறுப்புள்ள ஒருவர் வாயிலாக விடை கூற ஏற்பாடு செய்தல் நலம். கருவி புதிதாயினும் வியாபாரத்துக்கு மூலதனம் பழைய நாணயமே. அதனைக் காப்பவர்க்கே மறு ஆண்டும் அதே வியாபாரியிடமிருந்து அழைப்பு வரும்.