இரு நாட்டுக் காடுகளும் நமது வேலியும்

இந்திய நிலப்பரப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்குதான் வனவிலங்குப் பாதுகாப்புக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. அண்டை நாடான இலங்கையிலோ பாதுகாக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 30 பங்கு. இதைக் கேட்டவுடன், இலங்கை காத்தது, நாம் தவறினோம் என்று முடிவு கட்டிவிடலாகாது. மலையடிவாரத்தில் பயிர் செய்து வாழும் நாம் இக்கணக்கை நிதானமாக ஆராய்தல் வேண்டும்.

முதலாவதாக, அளவுகோல் ஒன்றன்று. ஒரு நெசவாளர் கஜத்தாலும் மற்றவர் மீட்டராலும் அளந்தால், எண்ணை மட்டும் பார்த்து எவர் துணி நீளமென்று சொல்ல இயலாது. இலங்கைக் கணக்கில் வனவிலங்கு இலாகாவின் பூங்காக்களோடு வன இலாகாவின் ஒதுக்குக் காடுகளும் சேர்கின்றன. இந்தியக் கணக்கில் தேசியப் பூங்கா, சரணாலயம் முதலியனவே சேரும். நமக்கு மேற்கே நிற்கும் போளுவாம்பட்டிக் காடு ஒதுக்குக் காடாயினும், அந்த 5 பங்கில் அடங்கவில்லை. அரசாங்கப் பதிவேட்டிலுள்ள காட்டுநிலம் முழுவதையும் கூட்டினால் இந்தியாவிலும் அது 23 பங்கைத் தாண்டும்.

இரு நாடுகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இப்பணியைத் தொடங்கின. இந்தியாவில் 1936-இல், இன்று கார்பெட் பூங்கா எனப்படும் முதல் தேசியப் பூங்கா அமைந்தது. இலங்கையில் 1937-இல் சட்டம் பிறந்து, 1938-இல் யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின. இங்கே 1972-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் பூங்காக்கள் பெருகி நூறைக் கடந்தன. அங்கே 1980-களில் மகாவலி நீர்ப்பாசனத் திட்டத்தோடு மாதுரு ஓயா, வஸ்கமுவ முதலிய பூங்காக்கள் எழுந்தன.

பரப்பு வளர்ந்தது; குடியானவரின் இரவு நிம்மதியாயிற்றா? 30 பங்கைக் காத்த இலங்கையில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் 400-க்கு மேற்பட்ட யானைகள் மடிந்தன. 150-க்கு மேற்பட்ட மக்கள் யானைகளால் உயிரிழந்தனர். காரணம் என்ன? அங்குள்ள யானைகளில் பெரும்பாலானவை பூங்கா எல்லைக்கு வெளியேதான் நடமாடுகின்றன. வரைபடத்தில் நாம் இழுக்கும் கோடு யானைக்குத் தெரியாது. பூங்கா எல்லையில் மின்வேலி இட்ட பல இடங்களில், வேலிக்கு இருபுறமும் யானைகள் நின்றன!

இதிலிருந்து அந்நாட்டார் ஒரு பாடம் கற்றனர். காட்டைச் சுற்றி வேலியிடுவதைவிட, ஊரையும் வயலையும் சுற்றி வேலியிடுவது மேல் என்பதே அது. வடமேற்குப் பகுதிக் கிராமங்கள் சிலவற்றில், விதைக்கும் காலத்தில் நெல்வயலைச் சுற்றி மின்வேலி இட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுகின்றனர். அதைப் பராமரிப்பவர்கள் அவ்வூர் விவசாயிகளே.

நமது நிலைமை முற்றும் அத்தகையதன்று. நெல்வயல் வேலியைக் கழற்றலாம். தென்னைக்கும் பாக்குக்கும் வாழைக்கும் ஆண்டு முழுவதும் காவல் வேண்டும். ஆயினும், ஒவ்வொருவரும் தத்தம் தோட்டத்திற்குத் தனித்தனியே வேலியிட்டால் யானை அடுத்தவர் தோட்டத்திற்குத்தான் திரும்பும். வசதியற்ற சிறு குடியானவரே நஷ்டமடைவார். வழித்தடத்தை அடைத்தாலோ அனைவருக்கும் தீங்கு. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சுவது குற்றம், மனிதரையும் மாய்க்கும்.

ஆகவே ஊருக்கொரு பொது வேலி, யானைத் தடத்தை விட்டு விலகி, வன இலாகாவின் அனுமதியோடு அமைதல் வேண்டும். அதன் பராமரிப்பைக் கூட்டுறவுச் சங்கம் ஏற்றல் வேண்டும் என்பது நமது துணிபு. புதர் வெட்டவும், பாட்டரி பார்க்கவும், அறுந்த கம்பியை அன்றே முடியவும் முறை வைத்து ஆள் வேண்டும். விதைக்கும் உரத்திற்கும் ஒன்றுகூடும் நாம் இதற்கும் ஒன்றுகூடலாகாதா?

வெள்ளியங்கிரிச் சரிவில் காடு நின்றால்தான் நொய்யலில் நீர் வரும். காடு 5 பங்கா, 30 பங்கா என்பதை அரசாங்கங்கள் கணக்கிடட்டும். காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவேயுள்ள அந்த ஒரு வரப்பு நம்முடைய பொறுப்பு. அங்கத்தினர்கள் இதனை அடுத்த பொதுக்கூட்டத்தில் ஆலோசிப்பார்களாக.