பக்கத்து நாடும் நமது நாணயமும்



பக்கத்து நாடு என்றால் வியாபாரம் தானாக நடக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நாற்பது ஆண்டுகளாக வெங்காய மண்டி நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பாதி உண்மையே. தூத்துக்குடியில் புறப்பட்ட கப்பல் ஒரு நாளில் கொழும்பு சேரும். அழுகும் சரக்குக்கு அது பெரிய அனுகூலம்தான். ஆனால் தூரம் குறைவு என்பதற்காக மட்டும் எவரும் வாங்குவதில்லை.

இரு நாடுகளிலும் விளைவது ஏறக்குறைய ஒன்றே. நெல், மிளகாய், மிளகு, வெங்காயம் இங்கும் உண்டு, அங்கும் உண்டு. தம்புள்ளைப் பகுதியில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பெரிய வெங்காயம் அறுவடையாகும். தன் விவசாயியைக் காக்க அந்த அரசு இறக்குமதி வரியை உயர்த்தும். அதற்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தும், வேளாண் பொருள்கள் பல சலுகைக்கு வெளியேதான் உள்ளன. அறுவடை தீர்ந்தபின் வரும் தட்டுப்பாட்டு மாதங்களே நமக்கு வியாபாரம்.

அந்த மாதங்களில்தான் நம் அரசும் கதவடைக்கிறது. 2019 செப்டம்பர், 2020 செப்டம்பர், 2023 டிசம்பர் என மூன்று முறை வெங்காய ஏற்றுமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. உள்ளூர் விலை ஏறினால் அரசு கவலைப்படுவது நியாயமே. ஆனால் 2023-இல் சுங்கத்திடம் ஒப்படைத்த சரக்குக்கு விலக்குக் கிடைத்தது. பேசி முடித்து, லாரியில் வந்துகொண்டிருந்த என் சரக்குக்குக் கிடைக்கவில்லை. உள்ளூரில் வந்த விலைக்குத் தள்ளினேன். நஷ்டம் ஆறிவிட்டது. கொழும்பு வியாபாரி தொலைபேசியில், "ஐயா, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் என் கடைக்கு வெங்காயம் வேண்டுமே" என்றது ஆறவில்லை. அவர் பாகிஸ்தான் சரக்குக்கு மாறினார். தடை 2024 மே மாதம் நீங்கியது. அவர் பாதி அளவுக்குத்தான் திரும்பினார்.

நம் பக்கமும் குறையுண்டு. விலை ஏறியபோது ஈரச் சரக்கை மூட்டைக்குள் மறைத்து அனுப்பியவர்கள் நம்மிலேயே இருந்தார்கள்.

வரியும் தூரமும் கணக்கில் அடங்கும். சொன்ன நாளில் சொன்ன சரக்கு வருமா என்ற நம்பிக்கை கணக்கில் அடங்காது. வியாபாரத்தை நிறுத்தி வைப்பது அதுவே. ஆகவே நம் சங்கம் அரசிடம் ஒன்று கேட்க வேண்டும்: தடை விதிப்பதானால் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும்; எல்.சி. திறந்த சரக்கு முழுவதற்கும் விலக்கு வேண்டும். தரத்தை நாம் காப்போம்; வாக்கைக் காக்க அரசு வழிவிடட்டும்.