பாட்டிக்கு எந்த சீட்? புது முகத்துடன் வந்த 7 பேர் கார்: கடைசி வரிசையில் கால் நீட்ட முடியுமா?

செங்கல்பட்டு:

செங்கல்பட்டை அடுத்த பரனூர் மகேந்திரா சிட்டியில் உள்ள ஆராய்ச்சிக் கூடத்தில் உருவான 7 பேர் கார், 2026 ஜனவரி 5–ந்தேதி புது முகத்துடன் விற்பனைக்கு வந்தது.

பெயரும் மாறிவிட்டது. 2021–ல் "எக்ஸ்.யு.வி. 700" என்று வந்த வண்டிதான் இப்போது "எக்ஸ்.யு.வி. 7 எக்ஸ்.ஓ." ஆகியிருக்கிறது. அறிமுக ஷோரூம் விலை 13 லட்சத்து 66 ஆயிரம் ரூபாயில் தொடங்கியது.

"கடன் போட்டாவது எடுக்கலாமா?" என்று கணக்குப் போடும் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது முன்பக்கத்தை அல்ல. கடைசி வரிசையை!

மாறியது என்ன?

முன்பக்கமும் விளக்குகளும் புதுசு. டிரைவர் எதிரே மூன்று திரைகள் வரிசையாக மின்னுகின்றன. குலுக்கலைக் குறைக்க ஷாக் அப்சார்பரும் மாற்றப்பட்டிருக்கிறது.

என்ஜின் பழையபடியே 2 லிட்டர் பெட்ரோல், 2.2 லிட்டர் டீசல்.

இன்னொன்றும் மாறவில்லை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் அதே 2,750 மில்லி மீட்டர். மூன்று வரிசைக்கும் பெரும்பாலும் இதற்குள்தான் இடம் பிரிக்க வேண்டும்.

2024 செப்டம்பரில் புதுப்பிக்கப்பட்ட ஹூண்டாய் அல்கசார், நீளத்தில் இதைவிடச் சின்ன வண்டி. ஆனால் அதில் இந்தத் தூரம் 2,760. கியா கேரன்சில் 2,780. இன்னோவா ஹைகிராசில் 2,850.

வெளியே பார்த்தால் பெரிய வண்டி என்பதால், உள்ளேயும் இடம் அதிகம் என்று சொல்லிவிட முடியாது.

முழங்கால் வலி

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போக சுமார் 30 கிலோ மீட்டர். மகன் ஸ்டியரிங்கில், மருமகள் பக்கத்தில், நடுவில் மற்றவர்கள். "அம்மா, நீங்க பின்னாடி ஏறிக்கோங்க" என்பார்கள்.

நடு சீட்டை மடக்கி, குனிந்து, கால் தூக்கி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு இது லேசான காரியமா? 7 பேரும் ஏறிவிட்டால் பெட்டி படுக்கை வைக்கவும் இடம் கொஞ்சம்தான்.

ஸ்டார் கதை

2021 நவம்பரில் நடந்த குளோபல் என்கேப் மோதல் சோதனையில், பழைய மாடலுக்குப் பெரியவர் பாதுகாப்பில் 5 ஸ்டார், குழந்தை பாதுகாப்பில் 4 ஸ்டார் கிடைத்தது. நல்ல மார்க்தான்.

ஆனால் நேருக்கு நேர் மோதும் அந்தச் சோதனையில் பொம்மைகளை உட்கார வைப்பது முதல் இரண்டு வரிசையில்தான். கடைசி வரிசை எப்படித் தாங்கும் என்று அந்த ஸ்டார் சொல்வதில்லை!

பெல்ட் போடாமல் போனால் அபராதம் 1,000 ரூபாய். அபராதத்தை விடுங்கள், கிழக்குக் கடற்கரைச் சாலை வேகத்தில் பின்னால் இருக்கும் பேரனுக்கு உயிர்க் காப்பு அந்த பெல்ட்தான்.

வரிக் கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு வரி 40 சதவீதம். முன்பு செஸ் சேர்த்து 45 முதல் 50 வரை இருந்தது.

4 மீட்டருக்குள், 1,200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் காருக்கு 18 சதவீதம்தான். ஒரகடத்தில் தயாராகும் ரெனோ டிரைபர் இந்த ரகம். அதுவும் 7 பேர் வண்டி. என்ஜின் சின்னது, இழுவை குறைவு, விலையும் குறைவு.

யாருக்கு எது?

வழக்கமாக 5 பேர், எப்போதாவது இரண்டு பிள்ளைகள் கூட வருவார்கள் என்றால் இந்தப் புது வண்டி தாராளம். வாராவாரம் 7 பெரியவர்கள் போகும் வீடு என்றால், கையெழுத்துப் போடும் முன் மற்ற வண்டிகளையும் ஏறிப் பார்ப்பது நல்லது.

ஷோரூமுக்கு அம்மாவையும் அழைத்துப் போக வேண்டும். கடைசி வரிசையில் கால் மணி நேரம் உட்கார வைத்தால் போதும். அவர் முகத்தைப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும்!