மலிவான கட்டணத்தையும் விசாரிக்க வேண்டும்

மாதம் ஒருமுறை சண்டிலிப்பாய்ச் சந்தியிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன். ஓட்டோத் தரிப்பிடத்தில் 1,500 ரூபாய் கேட்கும் ஓட்டத்தை, கைத்தொலைபேசிச் செயலி ஒன்று விலைக்கழிவு போக 700 ரூபாய்க்குத் தந்தது. ஓய்வூதியத்தில் சீவிக்கும் எனக்கு அது பெரிய காசு, மாறிவிட்டேன். மீற்றர் போடாமல் வாய்க்கு வந்ததைக் கேட்டவர்கள் மீது எனக்குக் கோபமும் இருந்தது.

சில மாதங்களில் கழிவு நின்றது. அதற்குள் தரிப்பிடத்திலிருந்து என்னை வழக்கமாக ஏற்றிப்போன தம்பி ஓட்டோவை விற்றுவிட்டார். "லீசிங் கட்டேலாமல் போச்சு ரீச்சர்" என்றார். அந்த 700 ரூபாய்க்குள் பெற்றோலும் சாரதியின் கூலியும் அடங்கினவா? இல்லையென்றால், மிச்சத்தைப் போட்டது யார், எதற்காக?

இந்தியாவில் இதே கேள்வியை மேரு டாக்சி நிறுவனம் ஊபர் என்ற செயலி நிறுவனத்தின் மீது எழுப்பியது. ஓர் ஓட்டத்துக்கு 204 இந்திய ரூபாய் நட்டம் என்பது உண்மையானால், போட்டியாளரை ஒழிப்பதைத் தவிர அதற்கு வேறு பொருளாதார நியாயம் இல்லை என்று 2019 செப்டெம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லி, விசாரணைக்கு வழிவிட்டது. 2021இல் போட்டி ஆணையம் வழக்கை முடித்துவிட்டது: ஓலா என்ற இன்னொரு செயலி நிறுவனமும் சந்தையில் இருப்பதால் ஊபருக்கு ஆதிக்கம் இல்லையாம். இரண்டு யானைகள் நின்றால் வயலுக்குச் சேதமில்லை என்பது போன்ற வாதம் இது; என்னால் ஏற்க முடியவில்லை.

சிங்கப்பூரில் 2018 மார்ச்சில் ஊபர் தன் தொழிலைப் போட்டி நிறுவனமான கிராபுக்கு விற்றது. அதன்பின் கட்டணம் 10 முதல் 15 சதவீதம் ஏறியதாக அங்குள்ள போட்டி ஆணையம் கண்டது. இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் சிங்கப்பூர் டொலர் தண்டம் விதித்தது.

அப்படியொரு விற்பனை இலங்கையில் நடந்தால்? 1987ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் ஏகபோகத்தையும் நிறுவன இணைப்பையும் விசாரிக்கும் அதிகாரம் இருந்தது. 2003இல் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வந்தபோது அவை இரண்டும் விடுபட்டன. போட்டியைக் கெடுக்கும் நடத்தை பற்றிய பொதுவான பிரிவு மட்டும் மிஞ்சியது. அதிகாரசபை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, அரிசியைக் கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்ற கடைக்காரருக்கு எதிரான வழக்குத்தான். அடக்கவிலைக்குக் கீழே விற்பவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

செயலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டணத்தை அது முன்கூட்டியே காட்டித் தந்தது. ஓட்டத்துக்கு என்ன செலவு, எவ்வளவு கழிவு, எத்தனை மாதத்துக்கு என்ற கணக்கை நிறுவனங்கள் மாவட்டவாரியாக ஒப்படைக்க வேண்டும். 2003இல் விட்ட அந்த இரண்டு அதிகாரங்களையும் மீண்டும் சட்டமாக்குங்கள். எங்கள் யாழ்ப்பாண மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராமல் இதைச் சபையில் கேட்க வேண்டும்.