அலைன்மென்ட் போட்டா சரியாயிடுமா?

நல்ல மழை பெய்த மறுநாள் ஏதாவது ஒரு வீல் அலைன்மென்ட் கடை வாசலில் போய் நின்று பாருங்கள். பழைய மாருதி 800 ஒன்றோ, ஜென் ஒன்றோ கண்டிப்பாக நிற்கும். கதையும் எப்போதும் ஒன்று தான். பிரேக் அடிச்சேன், டயர் லாக் ஆயிடுச்சு, ஸ்டியரிங்க திருப்பியும் வண்டி நேரா வழுக்கிட்டே போய் பிளாட்பாரக் கல்லுல இடிச்சுது, இப்ப இடது பக்கம் இழுக்குது சார். (ஏ.பி.எஸ். இங்கே எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில் தான். அதற்கு முந்தைய சின்ன வண்டிகளில் பெரும்பாலும் கிடையாது.) கடைக்காரரின் பதிலும் மாறாது: "ஒண்ணுமில்ல சார், அலைன்மென்ட் போட்டா சரியாயிடும்."

ஆகாது மக்களே. ஏன் ஆகாது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அலைன்மென்டில் முக்கியமாகப் பார்ப்பது மூன்று கோணங்கள். மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் இரண்டும் உள்நோக்கியா வெளிநோக்கியா இருக்கின்றன என்பது டோ. முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது கேம்பர். பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்பது காஸ்டர். இந்த மாதிரி ஸ்ட்ரட் வைத்த பழைய சின்னக் கார்களில் திருகி மாற்ற முடிவது டோ ஒன்றைத்தான். டை ராடில் மரை இருக்கிறது, திருகலாம். கேம்பருக்கும் காஸ்டருக்கும் திருகாணியே கிடையாது. அவை அளவு தப்பினால் அங்கே ஏதோ ஒரு இரும்பு வளைந்திருக்கிறது என்று தான் அர்த்தம்.

இப்போது கல்லில் இடித்ததை யோசியுங்கள். அடி விழுவது சக்கரத்தின் நடுவில் அல்ல, கீழே. அதனால் சக்கரத்தின் அடிப்பாகம் உள்ளே போகும், தலை வெளியே சாயும். வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். டயரின் வெளி ஓரம் தேயும். இதற்குக் கடைக்காரர் என்ன செய்கிறார்? டை ராடைத் திருகி டோவைப் பச்சைக் கட்டத்துக்குள் கொண்டு வருகிறார், ஸ்டியரிங்கை நேராக வைக்கிறார், பணம் வாங்கிக்கொள்கிறார். வளைந்த லோயர் ஆர்ம் அப்படியே இருக்கிறது. காலில் எலும்பு முறிந்தவனுக்கு செருப்பு மாற்றிக் கொடுத்த மாதிரி. என் நண்பனின் அப்பா ஒரே இடிக்கு மூன்று முறை அலைன்மென்ட் போட்டார். மூன்று முறையும் ஒரே கடை, ஒரே பதில், கடைசியில் ஒரு புது டயர். :-(

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், நோயைச் சொல்லும் சீட்டை அந்த மெஷினே அச்சடித்துத் தருகிறது. கேம்பரோடு எஸ்.ஏ.ஐ. என்று ஒரு கோணமும் அதில் உண்டு. முன்னாலிருந்து பார்த்தால் திரும்பும் அச்சு உள்பக்கமாக எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது தான் அது. இரண்டையும் கூட்டி, வலது பக்கக் கூட்டலோடு ஒப்பிடுங்கள். கூட்டல் மாறாமல், கேம்பர் ஏறி எஸ்.ஏ.ஐ. குறைந்திருந்தால் லோயர் ஆர்மைச் சந்தேகப்படுங்கள். எஸ்.ஏ.ஐ. சரியாக இருந்து கேம்பர் மட்டும் மாறியிருந்தால் வளைந்தது ஸ்ட்ரட்டோ நக்கிளோ தான். எட்டாம் வகுப்புக் கணக்கு கூட இல்லை, வெறும் கூட்டல்!

மெஷின் இல்லாவிட்டாலும் குடி முழுகிப் போகாது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளங்கள். இடித்த பக்கம் குறைவாக இருந்தால் சக்கரம் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. கொத்தனார் தூக்குக்குண்டை ரிம் ஓரம் தொங்கவிட்டால் சாய்வு கண்ணுக்கே தெரியும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். ஆடினால் ஸ்டெப்னியை மாட்டிச் சுற்றுங்கள். ஆட்டம் போனால் ரிம் பெண்டு, போகவில்லை என்றால் ஹப். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது லொடலொடவென்றால் பேரிங், பால் ஜாயின்ட் இரண்டையும் பார்க்க வேண்டும். டயர் பக்கச்சுவரில் சின்ன வீக்கம் இருந்தாலும் உள்ளே நூல் அறுந்துவிட்டது, அந்த டயர் அவ்வளவு தான். ஸ்ட்ரட் தண்டு மேல் சந்தேகமா? மேல் நட்டைத் தளர்த்தி (கழற்றி அல்ல!) தண்டை மட்டும் சுற்றச் சொல்லுங்கள். சுற்றச் சுற்ற சக்கரத்தின் சாய்வு மாறினால் தண்டு வளைந்திருக்கிறது.

பின்பக்கத்தை யாரும் பார்ப்பதே இல்லை. வழுக்கும் வண்டி சுழன்று பின்சக்கரத்தாலும் இடிக்கும். பின் ஆக்சில் கோணலானால் ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பியபடியே வண்டி நேராகப் போகும், பின்னால் வருகிறவனுக்கு நண்டு நடப்பது போலத் தெரியும். முன்சக்கரத்தை மட்டும் அளக்கும் கடையில் இது ஆயுசுக்கும் பிடிபடாது.

"பழைய வண்டி சார், புஷ் எல்லாம் ஏற்கனவே போயிருக்கும், இடியால தான்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்பார்கள். இது நியாயமான கேள்வி. புஷ் தேய்ந்திருந்தால் அளவே நிற்காது, ஆட்டத்தை முதலில் சரி செய்துவிட்டுத் தான் அளக்க வேண்டும். மற்றபடி, பழைய காயம் துருப்பிடித்திருக்கும். புதுக் காயத்தில் பெயிண்ட் உதிர்ந்து இரும்பு பளபளக்கும். அடிபடாத வலது பக்கம் பக்கத்திலேயே சாட்சியாக இருக்கிறது.

அடுத்த கூட்டம் "பெண்டு எடுத்துடலாம்" கூட்டம். கேஸ் வைத்துச் சூடாக்கி, சுத்தியலால் இரண்டு போடு. நக்கிளும் லோயர் ஆர்மும் கதவுத் தகடு அல்ல சாமி. சூடு பட்டால் அந்த இரும்பின் வலு போகும். சூடில்லாமல் நிமிர்த்தினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். அந்த விரிசல் என்றைக்கோ பெரிதாகி, லாரிக்குப் பக்கத்தில் போகும்போது சக்கரம் மடங்கினால் யார் பதில் சொல்வது? இத்தனைக்கும் இந்த வண்டிகளுக்கு ஒரு புது லோயர் ஆர்மின் விலை இரண்டு டயர் விலையை விடக் குறைவு. புதுப்பேட்டையில் பழசு வாங்கிப் போடலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே உடைக்க வந்த வண்டியே ஒருவேளை இடித்து வந்தது தான். பக்கத்தில் நல்லதை வைத்து ஒப்பிடாமல் வாங்காதீர்கள்.

இதற்கு நேர் எதிர்க்கட்சியும் உண்டு. ஸ்ட்ரட், ஆர்ம், ரேக், ஆக்சில் என்று எதையும் அளக்காமல் அத்தனையும் மாற்ற எஸ்டிமேட் போடும் ஏ.சி. அறை ஒர்க் ஷாப்புகள். அங்கேயும் கோளாறு எதில் என்று தெரியாது, பில் மட்டும் பெரிசு.

ஆக, அடுத்த முறை கடைக்குப் போனால் திருகுவதற்கு முன் எடுத்த சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எஸ்.ஏ.ஐ. கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதை அளக்க ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்ப வேண்டும், கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதனால் பலர் விட்டுவிடுவார்கள். அளக்கச் சொல்லுங்கள். "அதெல்லாம் தேவையில்ல சார்" என்றால் சாவியை வாங்கிக்கொண்டு, மெதுவாக ஓட்டி, அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.